ஆறு வெள்ளிக்கிழமை சமைத்துப் பாருங்கள், பிறகு கடிதம் கொடுக்கலாம்

கேள்வி:

அன்புள்ள அன்ரி, எனக்கு 30 வயது. வெள்ளவத்தையில் அப்பா, அம்மாவுடன் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறேன். நுண்ணுயிரியல் சிறப்புப் பட்டதாரி. ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நான்கு வருடமும் மூன்று மாதமுமாக வேலை செய்கிறேன். உணவு, தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சம்பளம் பரவாயில்லை. ஆனால் நாள் முழுக்க யாரோ ஒருவருடைய சாப்பாட்டுக்கு இலக்கம் போட்டு, யாரோ ஒருவருக்கு அறிக்கை அனுப்புகிறேன். அது யாருடைய வயிற்றுக்குப் போனது என்று ஒருநாளும் தெரிவதில்லை.

ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மதியச் சாப்பாடு சமைத்து 24 பார்சல் கொடுக்கிறேன். ஒன்று 600 ரூபாய். சாமானுக்கு 7,000 ரூபாய் முடியும், மிச்சம் 7,400 லாபம். வாங்க வருகிற எல்லாரையும் எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற ஆறு நாளும் போகிறது. வேலையை விட்டுவிட்டு முறையாகச் சமையல் படித்து, ஒரு நல்ல ஹோட்டலில் சேர நினைக்கிறேன். அடுத்த மாதமே விலகல் கடிதம் கொடுக்கலாமா?

அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். "இவ்வளவு படிச்சது சோத்துப் பார்சல் கட்டவோ" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஆறு மாதக் குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

அடுத்த மாதம் கடிதம் கொடுக்க வேண்டாம். சமையலையும் கைவிட வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் என்னவென்று தெரியாமல் நீண்ட கடிதம் ஒன்றை வாசிப்பது எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நானும் விஞ்ஞானத்தில் இருந்து வந்தவள்தான். இரசாயனவியல் படித்து, தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் ஐந்து வருடம் இருந்தேன். பிறகு கொழும்பு ஹோட்டல் குசினிகளில் 13 வருடம் நின்றேன். இப்போது குசினி வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பழக்குகிறேன், வேலை மாற நினைப்பவர்களுக்கு ஆலோசனையும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "அது யாருடைய வயிற்றுக்குப் போனது என்று ஒருநாளும் தெரிவதில்லை." பரிசோதனை பிடிக்கவில்லை என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை, நான் தேடிப் பார்த்தேன். செய்ததைச் சாப்பிடுகிறவரின் முகம் தெரியவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. ஞாயிற்றுக்கிழமை அந்த முகம் தெரிகிறது, அதனால்தான் அந்த நாள் இனிக்கிறது.

சரி, இப்போது ஹோட்டல் குசினிக்கு வாருங்கள். அங்கே எந்த முகமும் தெரியாது.

பெரிய ஹோட்டல் ஒன்றில் 600 பேருக்குக் கல்யாண விருந்து என்றால் உங்கள் கைக்கு வருவது ஒரு தாள். என்னென்ன கறி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே போகவேண்டும், எந்த மண்டபம். மாப்பிள்ளை பெண்ணின் பெயரை நீங்கள் வாசிக்கக்கூட நேரம் இருக்காது. உணவகப் பக்கம் என்றால் கே.ஓ.டி. என்ற ஓடர் சீட்டு வரும், மேசை இலக்கத்தோடு. 14ஆம் மேசைக்காரர் உங்கள் மீன் குழம்பை ரசித்துச் சாப்பிட்டாரா, பாதியில் தள்ளி வைத்தாரா என்று சொல்ல ஆளில்லை. நான் வேலை முடிந்து போகும்போது கோப்பை கழுவும் பக்கம் போய், என் கறி எவ்வளவு மிச்சமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். அந்த 13 வருடத்தில் சாப்பிட்ட ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசிய தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதாவது, நீங்கள் எதை விட்டு ஓட நினைக்கிறீர்களோ அதே இடத்துக்குத்தான் வேறு வாசல் வழியாகப் போகப் பார்க்கிறீர்கள். மாதிரி இலக்கத்துக்குப் பதிலாக மேசை இலக்கம்.

இன்னொன்று. நீங்கள் சமையல் என்று நினைப்பது அங்கே முதல் சில வருடங்களுக்கு உங்கள் கைக்கு வராது. 'கொமி' என்ற கீழ்ப்படியில் சேர்ப்பார்கள், அதிலும் மூன்று படி. என்னைக் குளிர் சமையல் பகுதியில் போட்டார்கள். ஏழு மாதம் பழம் வெட்டினேன், சலாது இலை கழுவினேன். அடுப்பைத் தொடவில்லை. "படிச்ச பிள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று தலைமைச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் கேட்பார். கத்தி பிடிக்கவும் ஒரே அளவாக வேகமாக வெட்டவும் அங்கேதான் பழகினேன், அது இன்றுவரை உதவுகிறது. ஆனால் 29 வயதில் பல இரவுகள் கடைசி பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். தீபாவளி, பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு, டிசம்பர் 31 என்று மற்றவர்கள் கூடியிருக்கும் நாளெல்லாம் நமக்குக் கூடுதல் வேலை.

சம்பளமும் நீங்கள் பழகிய மாதிரி வராது. அடிப்படைச் சம்பளம் சிறியது, பில்லோடு சேர்கிற 10 வீத சேவைக் கட்டணத்தின் பங்குதான் பலருக்குக் கை கொடுப்பது. சுற்றுலாப் பயணிகள் நிறைந்த மாதத்தில் அது நன்றாக வரும், ஆள் வராத மாதத்தில் வற்றிப்போகும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு தடவை வற்றியது, 2020இல் கோவிட்டோடு இன்னொரு தடவை, 2022 நெருக்கடியில் மறுபடியும். நான் பழக்கிய நல்ல பிள்ளைகள் பலர் அந்த மூன்று வருடத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள்.

ஹோட்டல் குசினியை நான் குறைத்துப் பேசவில்லை. கல்கிசையில் உள்ள மவுண்ட் லவினியா ஹோட்டலில் 1950களில் அடிமட்ட வேலைக்குச் சேர்ந்த பப்ளிஸ் சில்வா, நாடே அறிந்த சமையற்கலைஞராக வந்தார். அந்த வாழ்க்கைக்கு வேறொரு பசி வேண்டும். ஒரே சாப்பாட்டை இருநூறு தடவை ஒரே மாதிரிச் செய்வதில் வருகிற திருப்தி, பத்துப் பேரோடு தோளோடு தோள் உரச வேகமாக ஓடுவதில் வருகிற உற்சாகம். அது உங்களிடம் இருந்தாலும் இருக்கலாம், உங்கள் கடிதத்தில் நான் அதைக் காணவில்லை. படிக்க ஆசை என்றால் காலி வீதியில் உள்ள அரசாங்கத்தின் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. 1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கியது, நல்ல அடித்தளம் போடுவார்கள். கைவேலை ஏற்கெனவே தெரிந்தவர்கள் சோதனைக்கு நின்று என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை பெறும் வழியும் உண்டு. ஆனால் எந்தச் சமையல் என்று தெளிவான பிறகு படிக்கலாம்.

உங்கள் நண்பர்கள் தர்ஷன் முனிதாசவை உதாரணம் காட்டியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பெயரோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்துவிட்டுச் சமையலுக்கு வந்தவர், நல்ல உதாரணம்தான். ஆனால் வருடங்களைக் கவனியுங்கள். அவர் கொழும்பில் நிஹொன்பாஷி என்ற ஜப்பானிய உணவகத்தைத் தொடங்கியது 1995இல். பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து மினிஸ்ட்ரி ஒவ் கிராப் உணவகத்தைத் திறந்தது 2011இல். இடையில் 16 வருடம். அந்தப் 16 வருடமும் அவர் சொந்தக் கடையில், தன் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நின்றார். உங்களுக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அதுதான்.

அப்படியென்றால் உங்களுக்கான இடம் எது? என் கணிப்பில் அது ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. தெரிந்த ஆட்களுக்கு, அளவான எண்ணிக்கையில், தினமும் சமைத்துக் கொடுப்பது. வீட்டிலிருந்தோ, பிறகு ஒரு சின்ன இடம் எடுத்தோ.

ஆனால் 24 பார்சல் சமைக்கிறவர் 80 பார்சல் சமைத்துவிடலாம் என்று நினைத்தால் அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நல்ல கைராசியுள்ள எத்தனையோ பெண்கள் அதில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இதை விஞ்ஞானமாகவே பேசலாம், அதில் எனக்குச் சந்தோஷம்.

பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு ஏறுகிற வேகத்தில் மேற்பரப்பு ஏறாது. ஆவி போவது மேற்பரப்பு வழியாகத்தான். வீட்டுச் சட்டியில் இருபது நிமிடத்தில் வற்றித் திரண்டு வருகிற கத்தரிக்காய்க் குழம்பு, கிடாரத்தில் அரை மணித்தியாலம் தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். வற்றட்டும் என்று காத்திருந்தால் கத்தரிக்காய் களியாகிவிடும். நான்கு மடங்கு கறிக்கு நான்கு மடங்கு தண்ணீர் விடக்கூடாது. எவ்வளவு விடவேண்டும் என்பது உங்கள் அடுப்பையும் உங்கள் கிடாரத்தையும் பொறுத்தது. சமைத்து, எழுதி, அடுத்த தடவை திருத்தித்தான் அந்த அளவு பிடிபடும்.

வெங்காயமும் அப்படித்தான். தாச்சியில் இரண்டு வெங்காயம் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் நிறம் மாறும். நான்கு கிலோவை ஒரே தடவையில் கொட்டினால் அதிலிருந்து வருகிற தண்ணீரிலேயே அது அவியும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த வாசமும் நன்றாக எழும்புவது அதற்கு மேலேதான். 1912இல் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் விவரித்த தாக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே நான்கு கிலோவை நான்கு தடவையாக வதக்கவேண்டும். அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் காலை நான்கரை மணியில் இருந்து வரவேண்டும்.

சொதியைக் கேட்கவே வேண்டாம். வீட்டில் முதற்பால் விட்டு நுரை கட்டும்போது அடுப்பை அணைத்தால் போதும், சட்டி உடனே ஆறத் தொடங்கும். பெரிய பாத்திரத்தில் அடுப்பை அணைத்த பிறகும் சூடு நீண்ட நேரம் நிற்கும், பால் உள்ளுக்குள்ளேயே திரைந்துவிடும். நான் முதன்முதல் 150 பேருக்குச் சொதி வைத்தபோது, மூடியைத் திறந்து பார்த்தால் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து கிடந்தது. பரிமாற நாற்பது நிமிடம்தான் இருந்தது. அன்றைக்குக் கை நடுங்கியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு முதற்பாலைத் தனியாக வைத்து, பரிமாறுகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கப் பழகினேன்.

ஷேர்லி கொரியர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையைச் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உயிர்இரசாயன ஆய்வு செய்தவர். கணவரோடு சேர்ந்து விடுதிப் பாடசாலை நடத்தப்போய், நூற்றுக்கு மேற்பட்ட பையன்களுக்கு மூன்று வேளையும் சமைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. காலை முட்டையெல்லாம் சட்டியில் ஒட்டிப்பிடித்துக்கொண்டது. சட்டியை முதலில் நன்றாகச் சூடாக்கவேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். ஏன் அப்படி என்று கேட்கத் தொடங்கியவர், பிற்காலத்தில் சமையலின் விஞ்ஞானத்தைப் பெரிய சமையற்கலைஞர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தார். உங்கள் படிப்பு எங்கே உதவும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நுண்ணுயிரியல் படித்தவராக உங்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. பத்தரைக்குக் கட்டிய பார்சலை ஒருவர் இரண்டு மணிக்குத் திறக்கிறார், கொழும்பு வெயிலில். அந்த மூன்றரை மணித்தியாலத்தில் சோற்றுக்குள் என்ன நடக்கும் என்று நம் ஊரில் பார்சல் விற்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் கொதிக்கிற தண்ணீரிலும் தப்பிவிடும், அது சோற்றில் விடுகிற வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சூரை மீனைச் சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு கூடும், அதுவும் கறியாக்கினால் அழியாது. 60 பாகைக்கு மேலே சூடாக வைத்திருந்து, கட்டியதும் உடனே கையில் கொடுப்பது என்ற ஒழுங்கை நீங்கள் முதல் நாளில் இருந்தே வைக்கலாம். நான் உங்கள் வாடிக்கையாளராக இருந்தால் வேறெதையும் கேட்கமாட்டேன், இதற்காகவே உங்களிடம் வாங்குவேன்.

அடுத்தது பணம். 7,400 லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எவ்வளவு லாபம் என்று பார்ப்போம். வாழையிலை, பெட்டி, பை எல்லாம் சேர்த்துப் பார்சலுக்கு 25 ரூபாய் வைத்தால் 600. எரிவாயு 500 என்று வையுங்கள். சந்தைக்குப் போய்வரும் ஆட்டோ 1,200. இவை போனால் 5,100. சனிக்கிழமை சாமான் வாங்குவதில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவி முடிப்பது வரை உங்களுக்குப் பத்து மணித்தியாலம் போகும், அம்மாவுக்கு ஐந்து. அம்மாவின் நேரத்தை நீங்கள் எழுதவே இல்லை, அவ தேங்காய் துருவாமல் இந்த 24 பார்சலும் வராது என்று எனக்குத் தெரியும். 5,100ஐப் பதினைந்தால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 340 ரூபாய். இப்போது உங்கள் மாதச் சம்பளத்தை மணித்தியாலக் கணக்கில் வகுத்து இதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இந்த இடைவெளியை மூட இரண்டு வழிதான்: பார்சல் விலையைக் கூட்டுவது, அதே நேரத்தில் கூடுதல் பார்சல் கட்டுவது. இரண்டையும் சோதித்துப் பார்க்கவேண்டும். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது நீங்கள் விலையை மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன், தெரிந்தவர்களிடம் கூட்டிக் கேட்க வாய் வராது. முகம் தெரிந்தவர்களுக்குச் சமைப்பதில் உள்ள கஷ்டம் இதுதான், அதற்கும் பழகவேண்டும்.

வேலையை ஏன் உடனே விடக்கூடாது என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்கும். உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. இப்போது போனால் ஒன்றும் இல்லை, ஒன்பது மாதம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம். ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு கிடாரமும் அதில் வாங்கலாம். ஊழியர் சேமலாப நிதியை நம்பித் திட்டம் போடாதீர்கள், பெண்களுக்கு 50 வயதில்தான் அது சாதாரணமாகக் கைக்கு வரும். முதலாளி உங்களுக்காகக் கட்டுகிற 12 வீதமும் வேலையோடு நின்றுவிடும். அதையும் செலவாகக் கணக்கில் எழுதுங்கள்.

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து இன்றே வாசியுங்கள். வெளிவேலை செய்யக்கூடாது என்று அதில் இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக் கடைகளின் மாதிரிகளைச் சோதிக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நாளைக்கு உங்கள் வட்டாரக் கடை ஒன்றின் மாதிரியே உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? மேலாளரிடம் நீங்களாகவே சொல்லி, அப்படிப்பட்ட மாதிரிகளை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு யாராவது போய்ச் சொல்லி அவருக்குத் தெரியவந்தால், நீங்கள் எழுதிய நல்ல அறிக்கைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

தொடர்மாடிக் குழுவிடமும் கேட்கவேண்டும். 24 பார்சலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் 60 பார்சலுக்கு மூடமாட்டார்கள். வியாபாரப் பெயரைத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் பதியலாம். மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) நீங்களாகவே கூப்பிட்டுக் குசினியைக் காட்டுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை அவரைவிட நீங்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருப்பீர்கள்.

இனிச் செய்யவேண்டியதற்கு வருகிறேன்.

உங்கள் வருடாந்த லீவில் ஆறு நாளை எடுங்கள். தொடர்ந்து ஆறு வெள்ளிக்கிழமை. ஏன் வெள்ளி என்றால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஏராளம், அன்றைக்கு அலுவலகத்தில் நம்பிச் சாப்பிட ஒரு பார்சல் தேடுவார்கள். மீன் விலையின் ஏற்ற இறக்கமும் உங்களைத் தொடாது. முதல் இரண்டு வெள்ளி 30 பார்சல், அடுத்த இரண்டு 45, கடைசி இரண்டு 60. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல 24. அதாவது கிழமையில் ஏழு நாளும் வேலை. அந்த ஆறு கிழமையும் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்: இடுப்பு, முழங்கால், நித்திரை. நான்காவது வெள்ளி காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும்போது மனம் என்ன சொல்கிறது என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

அதற்கு முன் இரண்டு சனிக்கிழமை, தெரிந்த சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் விடியற்காலையில் இருந்து நில்லுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். பெரிய பாத்திரத்தை யார் எப்படித் தூக்குகிறார்கள், மிச்சச் சோறு எங்கே போகிறது, சாமான்காரருக்கு எப்போது காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பேலியகொடை மொத்தச் சந்தைக்கும் ஒருநாள் விடியப் போய்வாருங்கள். சந்தை புறக்கோட்டையில் இருந்த காலம் மாதிரி இல்லை, தூரம் கூடிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தையில் கிலோவுக்குக் கூடக் கொடுத்து வாங்குவதா, ஆட்டோவுக்குக் கொடுத்து அங்கே போவதா என்பது 30 பார்சலுக்கு ஒரு விடை, 60 பார்சலுக்கு வேறு விடை.

ஆறு வெள்ளி முடிந்தும் உங்களுக்குச் சமைக்க ஆசை இருந்தால், கணக்கும் இடம் கொடுத்தால், ஐந்து வருடம் முடிகிற மாதத்தில் கடிதம் கொடுங்கள். அதற்குள் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இருக்கட்டும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற சின்னக் கடைக்காரர்களை நான் அறிவேன், கையில் பணம் இருந்தவர்கள்தான் திரும்பத் திறந்தார்கள். மின் அடுப்பு ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒருவேளை மூன்றாவது வெள்ளியோடு போதும் என்று தோன்றினால், ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தோல்வியும் இல்லை. அந்த 24 பேரும் அடுத்த ஞாயிறும் வருவார்கள்.

அப்பாவைப் பற்றிக் கடைசியாக எழுத வைத்திருந்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில் வலிகாமத்தில் இருந்து நடந்தவர்களில் என் பெரியம்மா குடும்பமும் இருந்தது. வீடு, காணி, கிணறு, மாடு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அந்த மழையிலும் நனையாமல் பொலித்தீனில் சுற்றிப் பெரியப்பா கொண்டு வந்தது பிள்ளைகளின் சான்றிதழ்களைத்தான். கொழும்பில் அவர்களுக்கு வேலையும் வாடகை வீடும் கிடைத்தது அந்தத் தாள்களால். உங்கள் அப்பாவும் கையில் உங்களையும் பையில் தன் சான்றிதழையும் வைத்துக்கொண்டு நடந்தவராகத்தான் இருப்பார். "சோத்துப் பார்சல் கட்டவோ" என்று அவர் கேட்டதற்குள், நாளைக்கு ஏதாவது நடந்தால் என் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்ற பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆசையைச் சொல்லி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. கணக்கு காட்டலாம்.

நான் அதைச் செய்யவில்லை. என் அப்பா கேட்டபோது கோபப்பட்டேன், அவர் பேசாமல் விட்டுவிட்டார். இரண்டு வருடம் உறவினர்களிடம் நான் ஹோட்டலில் மேற்பார்வை செய்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் சம்பளத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதுதான் வருகிறது, இதில் இவ்வளவு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அவர் போய் ஒன்பது வருடமாகிறது.

உங்கள் அப்பா கணித ஆசிரியர். ஒரு புதுக் கொப்பி வாங்கி, கோடு போட்டு, ஆறு வெள்ளிக்கும் கணக்கு எழுதித் தரச் சொல்லி அவரிடம் கேளுங்கள். வேலையை விடப் போகிறேன் என்று இப்போது சொல்ல வேண்டாம், சோதித்துப் பார்க்கிறேன், எனக்குக் கணக்கு வராது, நீங்கள் பாருங்கள் அப்பா என்று சொல்லுங்கள். அம்மாவின் ஐந்து மணித்தியாலத்தையும் அவர் எழுதவேண்டும். பார்சல் வாங்க வருகிறவர்களிடம் காசு வாங்கி மிச்சம் கொடுக்கிற வேலையையும் அவரிடமே விடுங்கள். வாசலில் ஒரு கதிரை போட்டு அவர் உட்காரட்டும், அந்த முகங்களை அவரும் பார்க்கட்டும்.

ஆறாவது வெள்ளி முடிந்ததும் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அன்ரி